சொந்தமா ஒரு பேட்டர்ன்: குரோஷே, நிட்டிங் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வியெல்லாம் பெரும்பாலும் ஒரே பக்கம் தான் போகுது. அடுத்தவங்க பேட்டர்னைப் பார்த்துப் போட்டது போதும், இனிமே நானே டிசைன் பண்ணணும்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே சந்தோஷமா இருந்துச்சு. பிளாங்கெட், ஸ்கார்ஃப் ரெண்டை மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா இதுல கழுத்து வெட்டு, கை வெட்டு, ஃபிட்டிங்னு ஒரு தொல்லையும் கிடையாது, டிசைன் கத்துக்க இதை விட நல்ல இடம் இல்ல. குரோஷே ஸ்டிச் பேரெல்லாம் அமெரிக்க முறையில தான் சொல்லியிருக்கேன்.

கேள்வி: வீடியோ பார்த்து குரோஷே நல்லாவே போடுவேன். நாத்தனாருக்கு குழந்தை பிறக்கப் போகுது, நானே டிசைன் பண்ண பேபி பிளாங்கெட் ஒண்ணு குடுக்கணும்னு ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது? மொதல்ல படம் வரையணுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: படம் அப்புறம் பார்த்துக்கலாம்மா. மொதல்ல நீங்க வாங்கப் போற அதே நூல், போடப் போற அதே ஹூக், ரெண்டையும் வெச்சு 6 இஞ்சுக்கு 6 இஞ்ச் ஒரு துண்டு போடுங்க. இதுக்குப் பேரு ஸ்வாட்ச். நிறைய பேர் இதை வேஸ்ட்னு நினைச்சு தாண்டிப் போயிடறாங்க, ஆனா டிசைன் பிறக்கறதே இந்தத் துண்டுல தான்னு நான் உறுதியா சொல்லுவேன், துணி தொட்டா எப்படி இருக்கு, மடிஞ்சு விழுதா இல்ல அட்டை மாதிரி நிக்குதா, ஓட்டை எவ்வளவு பெருசு, எல்லாம் இதுல தெரிஞ்சிடும். விறைப்பா இருந்தா ஒரு சைஸ் பெரிய ஹூக், தொளதொளன்னு இருந்தா ஒரு சைஸ் சின்னது. அப்புறம் அதைத் துவைச்சுக் காய வெச்சிட்டு அளங்க, துவைக்காம அளந்த அளவை நம்பவே நம்பாதீங்க, காட்டன்னா இன்னும் மோசம். ஓரத்தை விட்டுட்டு நடுவுல 4 இஞ்சுக்கு எத்தனை ஸ்டிச், எத்தனை வரின்னு எண்ணிக் குறிச்சு வைங்க.

இப்ப கணக்கு. 4 இஞ்சுக்கு 16 ஸ்டிச் வருதுன்னு வெச்சுக்குவோம், அப்ப இஞ்சுக்கு 4. பேபி பிளாங்கெட் 30 இஞ்ச் அகலம், 36 இஞ்ச் நீளம் இருந்தா போதும். 30 இஞ்சுக்கு 120 ஸ்டிச். நீங்க எடுத்த டிசைன் 7 ஸ்டிச்சுக்கு ஒரு தடவை திரும்ப வருது, ரெண்டு ஓரத்துக்கும் ஒண்ணு ஒண்ணு தனியா வேணும்னா, 7-ஆல வகுபடற எண்ணோட 2 கூட்டணும். 17 தடவை 7 போட்டா 119, அதோட 2, ஆக 121. டபுள் குரோஷேல ஆரம்பிக்கறதுன்னா 123 செயின் போட்டு ஹூக்லேர்ந்து நாலாவது செயின்ல மொத டபுளைப் போடுங்க, விட்ட மூணு செயின் ஒரு டபுளா எண்ணிக்கையில சேர்ந்து சரியா 121 வரும். இந்தக் கணக்கு ஒரு தடவை கைக்கு வந்துட்டா எந்த ஸ்டிச்சையும் எந்த அகலத்துக்கும் கொண்டு போகலாம், அதுக்கப்புறம் யாரோட பேட்டர்னுக்கும் காத்திருக்க வேண்டாம்.

டிசைனுக்குள்ள என்ன வைக்கறதுங்கறது உங்க இஷ்டம், ஆனா குழந்தைக்குன்னா பெரிய பெரிய ஓட்டை வர்ற லேஸ் ஸ்டிச் வேண்டாம், பிஞ்சு விரல் மாட்டிக்கும். குஞ்சம், பாம்பாம், மணி எதுவும் வேண்டாம். ஒரு வயசு ஆகற வரைக்கும் தூங்கற குழந்தை மேல லூசா போர்வை போடக்கூடாதுன்னு குழந்தை டாக்டருங்க சொல்றாங்க, அதனால மடியில வெச்சுக்கும்போது சுத்தறதுக்கு, தரையில விரிச்சுப் படுக்க வைக்கறதுக்குன்னு நினைச்சு டிசைன் பண்ணுங்க, பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கும்போது மட்டும் உபயோகிக்கச் சொல்லிக் குடுங்க. நம்ம ஊர் வெயிலுக்கு காட்டன் தான் என் கட்சி.

கேள்வி: நூல் எவ்வளவு வாங்கணும்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் கடைசியில பத்தாமப் போகுது, திரும்பப் போய் வாங்கினா கலர் லேசா மாறி இருக்கு.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்த ஸ்வாட்ச்சை தூக்கி சமையலறை டிஜிட்டல் தராசுல வைங்க. 6-க்கு 6 துண்டுன்னா 36 சதுர இஞ்ச். அது 9 கிராம் இருக்குன்னா, 30-க்கு 36 பிளாங்கெட் 1080 சதுர இஞ்ச், அதாவது 30 மடங்கு, 270 கிராம். பார்டருக்கும் ஓரத்துல சொருகற நூலுக்கும் சேர்த்து நூத்துக்கு பதினஞ்சு கூட வாங்குங்க, 310 கிராம் கிட்ட வரும். கலர் மாறினதுக்குக் காரணம் சாயம் போட்ட தொகுதி வேற, லேபிள்ல கலர் நம்பருக்குப் பக்கத்துல லாட் நம்பர்னு ஒண்ணு அச்சடிச்சிருப்பாங்க, எல்லா உருண்டையிலயும் அது ஒண்ணா இருக்கான்னு கடையிலயே பார்த்து வாங்குங்க.

கேள்வி: நான் டொராண்டோவில இருக்கிறன் அக்கா. மகனுக்கு கம்பளி நூலில ஸ்கார்ஃப் ஒண்டு நானே யோசிச்சுப் பின்னினன். நடுவில சடை மாதிரி முறுக்கி வாற கேபிள், ரெண்டு பக்கமும் ஸ்டாக்கினெட். முழுக்க சுருண்டு குழாய் மாதிரி வருது, பின்பக்கமும் பாக்க வடிவில்லை. என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ.
– வாசகி, டொராண்டோ

பதில்: உங்க கை மேல ஒரு குத்தமும் இல்லம்மா, ஸ்டாக்கினெட்டோட குணமே அது தான். ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க அதோட மறுமுகமான பர்ல், ரெண்டு முகத்துலயும் இழுவிசை வேற வேற, அதனால பக்கவாட்டு ஓரம் பின்னால சுருளும், மேலயும் கீழயும் இருக்கற ஓரம் முன்னால சுருளும். ஓரத்துல நாலு ஸ்டிச் கார்டர் (எல்லா வரியும் நிட்) வெச்சா கொஞ்சம் அடங்கும், ஆனா ஸ்கார்ஃப் மாதிரி ஒடுக்கமான துணியில முழுசா நிக்காது. கார்டர், ரிப், மாஸ் ஸ்டிச் மூணுலயும் நிட்டும் பர்லும் ரெண்டு முகத்துலயும் சமமா இருக்கறதால சுருளாது. அதுல ஒண்ணை அடித்தளமா எடுத்துக்கங்க.

கேபிளை விட வேண்டாம். ஒரு நிட் ஒரு பர்ல் ரிப் மேலயே கேபிள் போடுங்க: 12 ஸ்டிச் ரிப், ஆறை கேபிள் ஊசியில எடுத்து முன்னால விட்டுட்டு அடுத்த ஆறை ரிப்பாவே பின்னி, அப்புறம் ஊசியில இருக்கற ஆறையும் ரிப்பாவே பின்னுங்க. ரிப் ஒண்ணோட ஒண்ணு நெருங்கி பர்லை மறைச்சிடும், ரெண்டு பக்கமும் கேபிள் தான் தெரியும். கழுத்துல சுத்தற பொருளுக்கு பின்பக்கம்னு ஒண்ணு இருக்கவே கூடாதுன்னு நான் நினைக்கறேன், காத்துல எந்தப் பக்கம் திரும்பும்னு யாரால சொல்ல முடியும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, ரிப்பும் கேபிளும் சேர்ந்தா அகலத்தை நல்லாவே உள்ள இழுக்கும், வெறும் ஸ்டாக்கினெட்டோட கேஜ் (இஞ்சுக்கு எத்தனை ஸ்டிச்ங்கற அளவு) வெச்சு கணக்குப் போட்டா ஸ்கார்ஃப் ஒல்லியா வந்துடும், கேபிளோட சேர்த்து ஸ்வாட்ச் போட்டு அதை அளங்க. 7 இஞ்ச் அகலம், நீளம் போட்டுக்கறவர் உயரம், அது நல்லா அமையும்.

கேள்வி: சிக்குக் கோலத்தை பிளாங்கெட்ல கொண்டு வர முடியுமா? கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சு பார்த்தேன், வளைவு எல்லாம் படிக்கட்டு மாதிரி ஆயிடுது.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம்! நீங்க கட்ட நோட்டுல வரைஞ்சது ஃபிலே குரோஷேக்கு ஏத்த வழி, அதாவது திறந்த கட்டம், அடைச்ச கட்டம்னு ரெண்டே ரெண்டு வெச்சு படம் கொண்டு வர்றது. மயில், பூ, தேர் எல்லாம் அதுல அழகா வரும். சிக்குக் கோலம் வராது, ஏன்னா அதோட உயிரே வளைஞ்சு வளைஞ்சு புள்ளியைச் சுத்தற கம்பி தான், கட்டத்துல சாய்வாப் போற கோடு மூலைக்கு மூலை தொட்டுக்கிட்டு துண்டு துண்டா நிக்கும்.

நான் சொல்ற வழி வேற. தரையை மொதல்ல போடுங்க, கம்பியை அப்புறம் மேல இழுங்க. ஒரே கலர்ல சிங்கிள் குரோஷே தரை, அதுல புள்ளி வர வேண்டிய இடத்துல மட்டும் ஒரு பாபிள், அதாவது ஒரே ஸ்டிச்சுக்குள்ள அஞ்சு டபுளை முடிக்காம வெச்சு எல்லாத்தையும் சேர்த்து ஒண்ணா இழுக்கற குண்டு முடிச்சு. தரை முடிஞ்சதும் வேற கலர் நூலைத் துணிக்கு அடியில பிடிச்சுக்கிட்டு, ஹூக்கை மேலேர்ந்து குத்தி, நூலை மேல இழுத்து செயின் செயினா புள்ளியைச் சுத்திப் போங்க. இந்த மேல்தையல்ல கட்டமே கிடையாது, எந்தப் பக்கம் வேணா வளையலாம். எழுதும்போதே எனக்குக் கை பரபரங்குது, ஏன்னா சிக்குக் கோலம் நிறைய ஒரே கம்பியில முடியறது, ஆரம்பிச்ச புள்ளிக்கே திரும்பி வந்து சேரும், அப்ப நூலையும் நடுவுல எங்கயும் வெட்டாம ஒரே இழையா கோலம் முழுக்க போட்டுடலாம். ஒரு இடத்துல கம்பி கம்பியைக் குறுக்க தாண்டும் இல்லையா, அங்க முன்ன போட்ட செயினைக் குத்தாம அதைத் தாண்டி அந்தப் பக்கம் குத்துங்க, கம்பி மேல கம்பி போன மாதிரியே இருக்கும்.

இப்ப புள்ளிக் கணக்கு, இதுல தான் நிறைய பேர் சறுக்குவாங்க. குரோஷே ஸ்டிச் சதுரம் கிடையாது. 4 இஞ்சுக்கு 16 ஸ்டிச், 20 வரி வருதுன்னா, புள்ளிக்குப் புள்ளி 2 இஞ்ச் வேணும்னா குறுக்கால 8 ஸ்டிச், மேல 10 வரி. ரெண்டுலயும் 8 வெச்சீங்கன்னா கோலம் நசுங்கிப் போகும். 7 புள்ளி 7 வரிசை நேர்ப்புள்ளிக்கு நடுவுல 6 இடைவெளி, 48 ஸ்டிச், கடைசிப் புள்ளிக்கு ஒண்ணு, ரெண்டு ஓரத்துலயும் 8 எட்டு, மொத்தம் 65 ஸ்டிச். அதே மாதிரி வரி 81. ரெண்டும் 16 இஞ்சுக்குக் கொஞ்சம் மேல வரும், சதுரம். இதே மாதிரி நாலு போட்டு சேர்த்தா 32 இஞ்ச் பிளாங்கெட் ரெடி.

பாபிள் எப்பவும் நம்மளைப் பார்க்காம அந்தப் பக்கமா தான் குண்டா தள்ளிக்கிட்டு நிக்கும். அதனால துணியோட பின்பக்கம் நம்மளைப் பார்க்கற வரியில தான் பாபிள் போடணும், அப்ப ஒரு புள்ளி வரிசைலேர்ந்து அடுத்த புள்ளி வரிசைக்கு இரட்டைப்படை வரி தூரம் இருந்தே ஆகணும், 10 சரியா அமையுது. ஊடுபுள்ளிக் கோலம்னா பாதி தூரத்துல அடுத்த வரிசை வரும், 10-ல பாதி 5, ஒற்றைப்படை, அந்தப் புள்ளியெல்லாம் பின்பக்கம் போயிடும். அதுக்கு இடைவெளியை 10 ஸ்டிச் 12 வரின்னு மாத்திக்கங்க, பாதின்னா 5 ஸ்டிச் 6 வரி, எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் நிக்கும், உயரத்துல பத்துல ஒரு இஞ்ச் தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது.

மேல்தையலை மட்டும் இறுக்கிப் போட்டுடாதீங்க, தரை சுருங்கி முண்டும் முடிச்சுமா ஆயிடும். தரைக்குப் போட்டதை விட ஒரு சைஸ் பெரிய ஹூக் எடுங்க. பின்பக்கம் கம்பி சின்னச் சின்னக் கோடா தெரியும், எனக்கு அதுவும் பிடிக்கும். முடிச்சதும் போட்டோ அனுப்புங்க, கண்டிப்பா.

கேள்வி: ஒரு பேட்டர்ன்ல சிங்கிள் குரோஷேன்னே ஒண்ணு இல்ல, எல்லாம் டபுள், ட்ரெபிள்னு இருக்கு. போட்டா ரொம்ப உயரமா வருது.
– வாசகி, சேலம்

பதில்: அது பிரிட்டிஷ் பேட்டர்ன். அவங்க டபுள்னு சொல்றது அமெரிக்க சிங்கிள், அவங்க ட்ரெபிள்னு சொல்றது அமெரிக்க டபுள். நீங்க பேட்டர்ன் எழுதினா எந்த முறைன்னு மொத வரியிலயே போட்டுடுங்க.

கேள்வி: நானா டிசைன் பண்ண அலை அலையான ரிப்பிள் பிளாங்கெட் மேல போகப் போக ஒடுங்கிட்டே வருது. இன்னொரு வட்டமான பிளாங்கெட்டோ ஓரம் முழுக்க அப்பளம் பொரிச்ச மாதிரி நெளியுது. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க.
– வாசகி, மதுரை

பதில்: ரெண்டுக்கும் ஒரே இடத்துல தான் விடை இருக்கு, எங்க கூட்டறோம், எங்க குறைக்கறோம். ரிப்பிள்ல மேட்டுல ஒரே ஸ்டிச்சுல மூணு டபுள் போட்டா 2 கூடுது, பள்ளத்துல மூணை ஒண்ணா சேர்த்தா 2 குறையுது, அதனால அகலம் மாறாது. ஓரத்துல தான் வில்லங்கம். உங்க டிசைன் ஓரத்துல பாதி மேட்டுல ஆரம்பிச்சு பாதி மேட்டுல முடிஞ்சா ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு ஸ்டிச் கூட்டணும், பாதிப் பள்ளம்னா ஒவ்வொண்ணு குறைக்கணும். நீங்க கூட்டாம விட்டிருப்பீங்க, அல்லது வரிக் கடைசியில திருப்பற செயின் மேல போட வேண்டிய ஸ்டிச்சை விட்டிருப்பீங்க. ஒரு வரியை எண்ணிப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சிடும்.

வட்டத்துக்கு, டபுள் குரோஷேன்னா 12-ல ஆரம்பிச்சு ஒவ்வொரு சுத்துக்கும் 12 கூட்டுங்க, சிங்கிள்னா 6. குறைஞ்சா கிண்ணமா குழியும், கூடினா நெளியும். நெளியறதையே வேணும்னு பண்ணவங்களும் உண்டு, கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த லாட்வியா நாட்டு கணித அறிஞர் டைனா டைமினா 1997-ல ஹைபர்பாலிக் தளம்ங்கற, ஓரம் விரிய விரிய நெளியற வடிவத்தை மாணவர்கள் கையில தொட்டுப் பார்க்கறதுக்காக குரோஷேல போட்டுக் காட்டினாங்க. இத்தனை ஸ்டிச்சுக்கு ஒண்ணு கூட்டறதுன்னு ஒரே விகிதம் வெச்சு விடாம போனா அந்த வடிவம் தானா வந்துடும். அதுக்கு முன்னாடி காகிதத்துல ஒட்டி வெச்சிருந்த மாடல் எல்லாம் சீக்கிரம் கிழிஞ்சிடும்.

நிட்டிங்ல வட்டம்னா நிட்டிங் டிசைனர் எலிசபெத் சிம்மர்மன் சொல்லிக் குடுத்த பை (கணக்குல வர்ற π) சால்வை முறை தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: ஆரம் ரெண்டு மடங்கு ஆகும்போது சுற்றளவும் ரெண்டு மடங்கு, அதனால 9 ஸ்டிச்சுல ஆரம்பிச்சு 18, 36, 72, 144, 288, 576-னு சில இடத்துல மட்டும் இரட்டிப்பு. 36-க்கு அப்புறம் 6 சுத்து, 72-க்கு அப்புறம் 12, அடுத்து 24, 48. நடுவுல ஒரு கூட்டலும் இல்ல, அந்த இடம் முழுக்க உங்க டிசைனுக்கு சும்மா கிடக்குது.

கேள்வி: நாங்க தோழிங்க சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் கிரானி ஸ்கொயர் (நடுவுலேர்ந்து சுத்திச் சுத்திப் போடற சதுரம்) போட்டு ஒரு முதியோர் இல்லத்துக்கு பிளாங்கெட் குடுக்கறதா இருக்கோம். ஒரே பேட்டர்ன் தான், ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சைஸ்ல வருது.
– வாசகி, தாம்பரம்

பதில்: ஒரே நூல் ஒரே ஹூக் குடுத்தாலும் கை இறுக்கம் ஆளுக்கு ஆள் வேற. அதனால குழுவா போடற பேட்டர்ன்ல சுத்து எத்தனைன்னு எழுதாதீங்க, முடிக்கும்போது எத்தனை இஞ்ச் இருக்கணும்னு எழுதுங்க. இறுக்கமா போடறவங்க பெரிய ஹூக் எடுப்பாங்க, கடைசி சுத்தை ஒருத்தரே எல்லா சதுரத்துக்கும் போட்டு அளவை சமப்படுத்தலாம். சுத்துக்கு சுத்து திருப்பிப் போட்டா சதுரம் ஒரு பக்கமா முறுக்காது. மனசுல தெம்புக்கு ஒண்ணு சொல்றேன், 2016 ஜனவரி 31-ல நம்ம சென்னையில தான் மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் பிளாங்கெட் சேர்த்து கின்னஸ் சாதனை பண்ணாங்க. அத்தனை கை சேர்ந்து ஒரு போர்வை ஆகியிருக்கு, உங்க குழுவுக்கு இது ஒரு விஷயமே இல்ல.

கேள்வி: காசு குடுத்து வாங்கின பேட்டர்ன்ல கலரையும் பார்டரையும் மாத்தினேன். இதை என் பேட்டர்ன்னு விக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: கூடாதும்மா. ஸ்டிச் யாருக்கும் சொந்தமில்ல, ரிப்பிள், ஷெல், கிரானி எல்லாம் பொது. ஐடியாவுக்கு பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாதுன்னு 1978-ல உச்ச நீதிமன்றமே ஒரு நாடகம், சினிமா வழக்குல சொல்லிடுச்சு. ஆனா ஒருத்தர் எழுதின வாசகம், வரைஞ்ச சார்ட், எடுத்த போட்டோ, இதெல்லாம் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவங்களோடது. சட்டத்தைத் தள்ளி வெச்சுப் பார்த்தாலும், ஸ்டிச் எண்ணிக்கையையும் வடிவத்தையும் அவங்க யோசிச்சு வெச்சது, நூல் கலர் மட்டும் உங்களோடதுன்னா அது அவங்க பேட்டர்ன் தான். சொந்தமா வேணும்னா முடிஞ்ச பொருளைப் பார்த்து ஆரம்பிக்காதீங்க. ஸ்டிச் தொகுப்புலேர்ந்து ஒரு ஸ்டிச் எடுங்க, ஸ்வாட்ச் போடுங்க, ரெண்டு ஸ்டிச்சை சேர்த்துப் பாருங்க, அங்கேர்ந்து கிளம்பினது உங்களுக்கு மட்டும் தான் சொந்தம்.

பேர் போட்டுக்கறதுல நான் இவ்வளவு கறாரா இருக்கறதுக்குக் காரணம் உண்டு. ஆந்திராவுல நர்சாப்பூர் பக்கம் 19-ஆம் நூற்றாண்டுல மிஷனரிங்க கொண்டு வந்த குரோஷே லேஸை பெண்கள் தலைமுறை தலைமுறையா வீட்டுல உட்கார்ந்து போட்டுக் குடுத்துட்டு வர்றாங்க, அது வெளிநாடு வரைக்கும் போகுது. 1982-ல மரியா மீஸ்ங்கற ஜெர்மன் ஆய்வாளர் அவங்களைப் பத்தி எழுதினாங்க: நாள் முழுக்க வேலை செஞ்சும் வெறும் இல்லத்தரசின்னு தான் அவங்களை எண்ணினாங்க, கூலி ரொம்பக் கொஞ்சம், லாபம் ஏற்றுமதி பண்றவங்களுக்கு. கை வேலை தெரிஞ்ச பெண்ணோட பேர் எங்கயும் வராம போறது நமக்குப் புதுசு இல்ல. அதனால உங்க பேட்டர்ன்ல உங்க பேரைப் போடுங்க, அடுத்தவங்க பேட்டர்ன்ல அவங்க பேரை எடுக்காதீங்க.

கேள்வி: எங்க அம்மாச்சி போட்ட குரோஷா ஸ்கார்ஃப் ஒண்ணு இருக்கு. அவங்க எதையும் எழுதி வைக்கல, பார்த்துப் பார்த்தே போடுவாங்க. இப்ப அவங்க இல்ல. அதைப் பார்த்து பேட்டர்ன் எழுதி, என் டிசைனையும் சேர்த்து தங்கச்சிக்குக் குடுக்கணும்.
– வாசகி, காரைக்குடி

பதில்: நல்ல காரியம், தள்ளிப் போடாம ஆரம்பிங்க. ஸ்கார்ஃபை ஜன்னல் கண்ணாடி மேல வெச்சு வெளிச்சம் பின்னாலேர்ந்து வர்ற மாதிரி போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, ஒவ்வொரு ஸ்டிச்சும் எங்க கால் ஊனியிருக்குன்னு தெரியும். செயின் போட்டு ஆரம்பிச்ச ஓரத்தைக் கண்டுபிடிங்க, அங்கேர்ந்து மேல. ஒரே உருவம் திரும்ப எங்க வருதோ அந்த தூரத்துக்கு எத்தனை ஸ்டிச், எத்தனை வரின்னு எண்ணினா பாதி வேலை முடிஞ்சுது. அதை வார்த்தையா எழுதறதுக்கு முன்னாடி சார்ட்டா வரைங்க: செயினுக்கு நீள்வட்டம், சிங்கிளுக்கு கூட்டல் குறி அல்லது பெருக்கல் குறி, டபுளுக்கு தண்டுல ஒரு குறுக்குக் கோடு போட்ட டி. ஜப்பான்காரங்க இந்தக் குறியெல்லாத்தையும் தரப்படுத்தி வெச்சிருக்காங்க, அதனால ஜப்பானிய மொழி ஒரு எழுத்து தெரியாதவங்களும் அவங்க புத்தகத்தை வெச்சுப் போட முடியுது. உங்க தங்கச்சி பொண்ணுக்கு நாளைக்குத் தமிழ் படிக்க வராட்டியும் சார்ட்டை வெச்சுப் போட்டுடுவா.

அம்மாச்சியோடது எது, நீங்க சேர்த்தது எதுன்னு தாள்லயே பிரிச்சு எழுதுங்க. நூல் தடிமன், ஹூக் சைஸ், 4 இஞ்சுக்கு எத்தனை ஸ்டிச், முடிஞ்ச அளவு, எத்தனையின் மடங்கு, இந்த அஞ்சும் இல்லாத பேட்டர்னை யாராலயும் போட முடியாது. ஒவ்வொரு வரி முடிவுலயும் மொத்த ஸ்டிச் எண்ணிக்கையை எழுதுங்க. அப்புறம் குரோஷே தெரிஞ்ச, ஆனா இந்த ஸ்கார்ஃபைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட தாளை மட்டும் குடுங்க, பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தராதீங்க. அவங்க எந்த வரியில நின்னு உங்களுக்கு போன் பண்றாங்களோ, அந்த வரியைத் திருத்தி எழுதிட்டு தங்கச்சிக்கு அனுப்புங்க.